இந்த உத்திக்கு என்ன பேர்?

கதைகளில் திரும்பத் திரும்ப வரும் உத்திகளைக் கண்டுபிடிப்பது, அவற்றுக்குப் பேர் வைப்பது பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் நம் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று மனசில் பட்டவற்றை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஆச்சி, நாங்கள் எட்டுப் பெண்கள் மாதத்தில் ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) உட்கார்ந்து கதை படித்துப் பேசுகிறோம். போன மாதம் படித்த கதையில், சின்ன வயதில் பிரிந்துபோன அக்காவும் தங்கையும் ஒரு காசுமாலையை வைத்து ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். "அட, இது பழைய சினிமா" என்று ஒருவர் சொன்னதும் பேச்சே முடிந்துவிட்டது. இதற்கு ஒழுங்காக ஒரு பேர் கிடையாதா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: உண்டு, ரொம்பப் பழைய பேர். யாரோ என்று நினைத்த ஆள் இன்னார் என்று தெரியவரும் கட்டத்தை, 'அறிந்துகொள்ளுதல்' என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லால் குறித்து, இரண்டாயிரத்து முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார். எது உசத்தி, எது மட்டம் என்று வரிசையும் போட்டார். தழும்பு, கழுத்துமாலை மாதிரி அடையாளங்களால் தெரிந்துகொள்வதைக் கலைநயம் குறைந்தது என்று கடைசியில் வைத்தார் (ஆமாம், கழுத்துமாலையை அவரே சொல்கிறார், உங்கள் தோழிக்குச் சொல்லுங்கள்). சம்பவங்களே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய் உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்டால் அதுதான் முதல்.

அதற்குள்ளும் அவர் ஒரு நுட்பம் சொல்கிறார், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கிரேக்கக் காவியத் தலைவன் ஒடிஸியஸ் 20 வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வருகிறான். விருந்தாளிக்குக் கால் கழுவிவிட வந்த கிழட்டுத் தாதி, காலில் இருக்கும் பழைய தழும்பு கையில் பட்டதும் யாரென்று கண்டுகொள்கிறாள். பிறகு அதே தழும்பை அவனே பன்றி மேய்ப்பவனிடம் ஆதாரமாகக் காட்டவும் செய்கிறான். தழும்பு ஒன்றுதான். தானாகக் கையில் பட்டது மேல், வேண்டுமென்று எடுத்துக் காட்டியது கீழ் என்கிறார் அரிஸ்டாட்டில். ஆக, உங்கள் கூட்டத்தில் கேட்க வேண்டியது, அந்தக் காசுமாலை எப்படி வெளியே வந்தது என்பதைத்தான். அடகு வைக்கப்போன இடத்திலா, குளிக்கும்போது கழற்றி வைத்த இடத்திலா, இல்லை கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஒருத்தி கழுத்திலிருந்து எடுத்து நீட்டினாளா?

இன்னொன்றும் கேட்கலாம். அந்தப் பொருள் கதையில் என்ன வேலை செய்கிறது? கம்பனில் கணையாழி சீதைக்கு நம்பிக்கை கொடுக்கிறது, சூடாமணி ராமனுக்குச் சேதி கொண்டுபோகிறது. சிலப்பதிகாரத்திலும் ஓர் அடையாளப் பொருள்தான் கதையே. ராணியின் சிலம்புக்குள்ளே முத்து, கண்ணகி சிலம்புக்குள்ளே மாணிக்கம். ஆனால் அது உடையும் நேரத்தில் கோவலன் உயிரோடு இல்லை. யாரையும் சேர்த்துவைக்காமல், சேரவே முடியாத அளவுக்குத் தாமதமாக உண்மையைச் சொல்கிறது. மூன்றையும் 'அடையாளப் பொருள்' என்ற ஒரே பேரில் அடைத்துவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நம் ஊருக்கென்றே ஓர் அடையாளப் பொருள் இருக்கிறது, அதை இன்னும் யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை. நம் வீட்டுப் பித்தளை, வெண்கலப் பாத்திரம் எதை எடுத்தாலும் விலாசம் வெட்டியிருக்கும், தாத்தா பேர் அப்பா பேர் எல்லாம் முதலெழுத்தாக. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அப்படி எத்தனை தூக்குச்சட்டியும் தாம்பாளமும் கிடக்கின்றன! ஒரு பேத்தி, வெளியூர்க்காரி, விலை பேசுவதற்காகத் தாம்பாளத்தைத் திருப்பிப் பார்க்கிறாள், தன் வீட்டு விலாசம். இதை நான் 'விலாசம் பார்த்தல்' என்று சொல்வேன். ஆளைக் கண்டுகொள்ளும் கதையாக ஆரம்பித்து, வீடு எப்படிக் கை மாறிப்போனது என்று கண்டுகொள்ளும் கதையாக ஆகிவிடுகிறது, பாருங்கள்.

கேள்வி: உத்திக்கும் தேய்வழக்குக்கும் என்ன வித்தியாசம்?
— வாசகர், புதுவயல்

பதில்: உத்தி தன் வேலையைச் செய்கிறது. தேய்வழக்கு அந்த வேலை நடந்துவிட்ட மாதிரி காட்டிவிட்டுப் போய்விடுகிறது. மழையில் நனைந்துகொண்டு அழுகிறாள் என்று எழுதினால் துக்கம் வந்துவிடும் என்று நம்புவது இரண்டாவது வகை. எத்தனை பேர் முன்பே பயன்படுத்தினார்கள் என்ற கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஆச்சி, நான் கல்லூரியில் இலக்கியம் படிக்கிறேன். இங்கிலீஷில் எல்லா உத்திக்கும் ஒரு பேர் இருக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் துப்பாக்கி, வாசகரைத் திசைதிருப்பும் சிவப்பு மீன், இப்படி. கேட்டதுமே மனதில் நிற்கிறது. தமிழில் அப்படி யாருமே பேர் வைக்கவில்லையே, ஏன்?
— மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. பேர் வைக்கவில்லையா? உலகத்திலேயே இந்த வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்தவர்கள் நம் ஆட்கள்தான் என்று நான் நம்புகிறேன். சங்க அகப்பாட்டு எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், பாட்டுக்கு அடியில் ஒரு வரி இருக்கும். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, யார் எந்த நேரத்தில் யாரிடம் சொன்னது என்று. பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு அந்த வரியை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அதுதான் நீங்கள் தேடுகிற பேர்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை, அதாவது பாட்டு நடக்கிற ஒரு சூழ்நிலை. மகள் ஒருவனை விரும்புகிறாள், வீட்டுக்குத் தெரியாது, வேறு இடத்தில் பேச்சு நடக்கிறது. உண்மை வெளியே வந்தாக வேண்டும், ஆனால் மகள் நேராகப் போய் அப்பாவிடம் சொல்ல முடியாது. அதனால் தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலித்தாயிடம் சொல்வாள், செவிலி பெற்ற தாயிடம் சொல்வாள், தாய் தகப்பனுக்கும் அண்ணன்மார்க்கும் சொல்வாள். ஒரு ரகசியம் படிப்படியாக வீட்டுக்குள் ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் சொல்கிற ஆளுக்கு ஒரு பயம், கேட்கிற ஆளுக்கு ஒரு கோபம். இன்றைக்கு டிவி தொடர்களில் ஒரு காதல் சங்கதி சமையல்கட்டிலிருந்து முகப்பு வரைக்கும் போய்ச் சேர நூறு நாள் ஆகிறதே, அது இதே ஏணிதான். நம் வீடுகளில் இன்னும் நடப்பதும் அதே ஏணிதான்: பெண் சித்தியிடம், சித்தி ஆத்தாவிடம், ஆத்தா ஒரு நல்ல நேரம் பார்த்து அப்பச்சியிடம்.

இன்னும் எத்தனையோ. பெண்ணை வீட்டுக்குள் காவல் வைப்பது இற்செறித்தல். சீக்கிரம் வந்து கல்யாணம் செய்துகொள் என்று தோழி நெருக்குவது வரைவு கடாதல். போகவேண்டும் என்று கிளம்பியவன் மனசு வராமல் தயங்கி நிற்பது செலவழுங்குதல். காதல் கைகூடாதவன் பனைமட்டைக் குதிரையில் ஏறி ஊர்நடுவே வருவேன் என்று மிரட்டுவது மடலேறுதல்.

இந்தப் பேர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நிற்றல், செறித்தல், கடாதல், அழுங்குதல், ஏறுதல். எல்லாமே வினை. துப்பாக்கி, மீன் என்பவை பொருளின் பேர், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது என்ன செய்யும் என்று யாராவது விளக்கம் சொன்னால்தான் தெரியும். நம் பேரில் வேலையே பேராக இருக்கிறது. கதையில் ஒரு விஷயத்தை நீங்கள் கண்டுபிடித்தால், அதற்கு 'தல்' என்று முடிகிற ஒரு பேர் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் பல வருஷமாக இப்படித்தான் சோதித்துப் பார்க்கிறேன்.

அடுக்கி வைப்பதிலும் நம்மவர்கள் சளைத்தவர்கள் இல்லை. அகநானூற்றில் 400 பாட்டு. ஒற்றைப்படை எண் வந்தால் பாலை, அதாவது பிரிவு. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், 10, 20 என்று பத்துப் பத்தாக வருவது நெய்தல். பாட்டைப் படிக்காமலே எண்ணைச் சொன்னால் எந்தத் திணை என்று சொல்லிவிடலாம். தொகுத்தவர் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்!

இந்தப் பேர்கள் ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. வால்மீகியில் வில்லை ஒடிப்பதற்கு முன்னால் ராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. கம்பன் மிதிலைத் தெருவில் ராமனை நடக்கவிட்டு, கன்னிமாடத்தில் சீதையை நிறுத்தி, 'அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்' என்று எழுதினான். தலைவனும் தலைவியும் முதன்முதலாகப் பார்ப்பதற்கு நம் அகமரபில் 'காட்சி' என்று பேர். வடக்கேயிருந்து வந்த கதைக்குள் அந்தத் துறையை எடுத்து வைத்துவிட்டான். 1939 முதல் கம்பன் விழா எடுக்கிற ஊரில் இருக்கிறீர்கள், அடுத்த பங்குனியில் போய் உட்கார்ந்து கேளுங்கள் தம்பி. எந்த இடத்தில் எந்தத் துறை வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே கேளுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் எங்கள் ஆயா ஒரு கதை சொல்வார்கள். அரக்கன் உயிர் அவன் உடம்பில் இருக்காது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் இருக்கும் கிளிக்குள்ளே இருக்கும். வெளிநாட்டிலும் இதே மாதிரி கதை உண்டு என்று என் மகன் சொல்கிறான். உண்மையா? அவர்களுக்கு எப்படிப் போனது?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: உண்மைதான். ரஷ்யாவில் கஷ்சேய் என்று சாகாத கிழவன் ஒருவன், அவன் உயிர் ஓர் ஊசிமுனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி கடல்நடுத் தீவில் ஒரு ஓக் மரத்தடியில். இந்த அடுக்கைக் கேட்டால் உங்கள் ஆயா தலையாட்டியிருப்பார்கள்.

இங்கேயிருந்து அங்கே போனதா, அங்கேயிருந்து வந்ததா என்பதைவிட, இவ்வளவு தூரத்தில் இருக்கிற இரண்டு கதை ஒன்றுதான் என்று கண்டுபிடித்தவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். ஆன்ட்டி ஆர்னே என்ற பின்லாந்துக்காரர் 1910-இல் நாட்டார் கதைகளுக்கு எண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார். ஸ்டித் தாம்ஸன் என்ற அமெரிக்கர் அதை விரிவாக்கினார். அதோடு முழுக்கதையை விட்டுவிட்டு, கதைக்குள் வருகிற சின்னச் சின்னக் கூறுகளுக்கு மட்டும் 1930-களில் ஆறு தொகுதி போட்டார். உங்கள் ஆயாவின் கிளி அதில் இ710 என்ற எண்ணின் கீழே வருகிறது, உடம்புக்கு வெளியே இருக்கும் உயிர். முழுக்கதையாகப் பார்த்தால் கதைவகை 302. 'இந்த அறையைத் திறக்காதே' என்று சொல்லி, திறந்துவிடுகிற கதை சி611. எந்த நாட்டில் கதை சேகரித்தாலும் இந்த எண்ணைப் போட்டுவிட்டால் அடுத்தவர் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

அதே காலத்தில் ரஷ்யாவில் விளாதிமிர் பிராப் வேறு வழியில் போனார். 100 மாயக்கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு, 1928-இல் ஒரு புத்தகம் எழுதினார். ராஜா கழுகைக் கொடுக்கிறார், கழுகு வீரனைத் தூக்கிப்போகிறது. கிழவர் குதிரை கொடுக்கிறார், குதிரை கொண்டுபோகிறது. மந்திரவாதி படகு கொடுக்கிறான், படகு கொண்டுபோகிறது. ஆள் மாறுகிறது, பொருள் மாறுகிறது, செய்கை மாறவில்லை என்று சொல்லி அப்படிப்பட்ட செய்கை மொத்தம் 31 என்று கணக்கிட்டார். தடை போடுதல், தடை மீறுதல், உளவு கேட்டல், இப்படியே போகும். மேலே காரைக்குடித் தம்பிக்கு நான் சொன்னதை அவரும் வேறு பாதையில் வந்து பிடித்திருக்கிறார் என்று பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஒன்று. எண் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஆயா கதையில் அரக்கனிடம் சிறைப்பட்ட ராஜகுமாரி ஒருத்தி இருந்திருப்பாளே? அவள்தான் அவனுக்குச் சோறு போட்டு, பேன் பார்த்து, "நீங்கள் போய்விட்டால் எனக்கு யார் கதி?" என்று கேட்டு உயிர் எங்கே இருக்கிறது என்று வாங்கிவிடுவாள். கதை நகர்வதே அந்தக் கேள்வியால்தான். ஆயா அந்த இடத்தில் குரலை எப்படி மாற்றுவார்கள்? பயந்துபோய்க் கேட்பாளா, கொஞ்சிக் கேட்பாளா? அதை எழுதி வையுங்கள், ஏனென்றால் பட்டியலில் அது இல்லை.

கேள்வி: நான் எழுதிய சிறுகதை செட்டிநாட்டு வீட்டில் நடக்கிறது. வளவில் ஒரு பூட்டிய அறை இருக்கிறது என்று இரண்டாவது பத்தியில் எழுதியிருந்தேன். சென்னை நண்பர்கள் எல்லோரும் "அந்த அறைக்குள் என்ன இருந்தது? கடைசிவரை திறக்கவே இல்லையே, இது தப்பு" என்கிறார்கள். நான் வீட்டைத்தான் வர்ணித்தேன். திறந்தே ஆகவேண்டுமா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது செகாவின் துப்பாக்கி. மேடையில் துப்பாக்கியை வைத்தால் அது வெடித்தாக வேண்டும், வெடிக்காது என்றால் வைக்காதே என்று செகாவ் 1889-இல் கடிதத்தில் எழுதினார். அவர் சொன்னது நாடக மேடைக்கு, அங்கே கண்ணில் படுகிற பொருள் எல்லாவற்றையும் யாரோ தூக்கிவந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நம் வீட்டில் பூட்டிய அறை என்றால் என்ன? வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று, அப்புறம் அவர்கள் பிள்ளைகளுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு. சாவி சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும். கல்யாணத்துக்கோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ வந்தால்தான் திறப்பார்கள். தேவகோட்டை வாசகி உங்கள் கதையைப் படித்தால், பங்காளி அறை என்று தாண்டிப் போய்விடுவார். சென்னை வாசகருக்கு அது சி611, உள்ளே பேயோ பிணமோ. அதே அறை ஒருவருக்குச் சுவர், இன்னொருவருக்குத் துப்பாக்கி. உத்தி எழுதுகிறவன் கையில் மட்டும் இல்லை, படிக்கிறவர் எதைப் பார்த்துப் பழகியிருக்கிறார் என்பதிலும் பாதி இருக்கிறது. உத்திப் பட்டியல் போடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

திறக்க வேண்டாம். ஆனால் 'பெரியப்பச்சி வீட்டு அறை, சாவி பினாங்கில்' என்று அரை வரி சேருங்கள். எதிர்பார்ப்பும் அடங்கும், யாருமில்லாத வீட்டின் பாரமும் அந்த அரை வரியிலேயே வந்துவிடும். இந்த அரை வரிக்குப் பேர் வேண்டுமென்றால் 'சாவி சொல்லுதல்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசியில் சாமி வந்து காப்பாற்றுகிற கதைகளைக் கிரேக்க நாடகத்தோடு ஒப்பிட்டு மட்டம் என்கிறார்களே, அப்படியென்றால் நம் புராணம் எல்லாம்?
— வாசகர், கண்டனூர்

பதில்: கிரேக்க மேடையில் தெய்வ வேடக்காரரை ஏற்றத்தில் கட்டி மேலேயிருந்து இறக்குவார்கள். முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அப்படி இறக்கினால்தான் குறை. சிறுத்தொண்டர் கதையில் கடைசியில் சிவன் பிள்ளையைத் திருப்பித் தருகிறார் என்பதை மட்டும் பார்த்தால் ஏற்றம் மாதிரித் தெரியும். ஆனால் பிள்ளைக்கறி கேட்டு வாசலுக்கு வந்த பைரவ வேடத்து அடியார் யார்? அவரேதான். கதையைத் தொடங்கி வைத்தவரே முடிக்கிறார். அதைச் 'சோதித்து அருளுதல்' என்று வேண்டுமானால் சொல்லுங்கள், இரண்டுக்கும் ஒரே பேர் வைக்காதீர்கள்.

கேள்வி: ஆச்சி, எங்களுக்குப் பூர்வீகம் கானாடுகாத்தான். வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கதைகள், அந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் எழுதியவை எல்லாவற்றிலும் ஒரே அச்சு: புருஷன் பர்மாவுக்குப் போவார், கடிதம் வரும், பிறகு கடிதம் நிற்கும், மனைவி வளவில் காத்திருப்பாள். இதற்குப் பேர் வைத்தால் எங்கள் வீட்டுக் கதையை ஓர் அச்சுக்குள் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடாதா?
— வாசகி, சிங்கப்பூர்

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. ஆனால் இதற்குப் பேர் ஏற்கனவே இருக்கிறது, நீங்களோ நானோ வைக்கவில்லை. பொருள்வயிற் பிரிவு. சம்பாதிக்கப் போகிறவன், காத்திருக்கிறவள். பாலைத்திணையில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை' என்று தொல்காப்பியம் சொல்கிறது, கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கூட்டிப்போவதில்லை என்று. நம் ஐயாக்கள் கப்பலேறிய காலத்திலும் பெரும்பாலும் நடந்தது அதுவேதான். அந்த வரியை முதன்முதலில் படித்த அன்று நான் எங்கள் ஆயாவை நினைத்துக்கொண்டு வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

பேர் இருப்பதால் உங்கள் வீட்டுக் கதை சின்னதாகிவிடவில்லை. அச்சு தெரிந்தால்தான் எங்கே அச்சு உடைகிறது என்று தெரியும். சங்கப் பாட்டில் பாலை என்றால் வெயில், வறண்ட காடு, ஆறலைக் கள்வர். நம் கதையில் கடல், வட்டிக்கடை, பெட்டியடி. சங்கப் பாட்டுத் தலைவி கார்காலம் வந்துவிட்டதே, அவன் வரவில்லையே என்பாள். நம் வீட்டுப் பெண்ணுக்குக் கெடு மழையில்லை, மூன்று வருஷக் கணக்கு. கடையில் ஒரு கணக்கு மூன்று வருஷம், அது முடிந்தால் ஊருக்கு வரலாம். முடிகிற நேரத்தில் கடிதம் வரும், 'இன்னொரு கணக்கு இருந்துவிட்டு வரச் சொல்கிறார்கள்' என்று. இதை நான் 'கணக்கு நீளுதல்' என்பேன். சங்க இலக்கியத்தில் இல்லாத துறை, செட்டிநாடு சேர்த்தது.

அப்புறம் 1942. மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கைக்குப் போகிறது. லட்சக்கணக்கானோர் காடு மலை தாண்டிக் கால்நடையாகவே இந்தியாவுக்கு வருகிறார்கள். சங்கப் பாலையில் போகிறவன் நடப்பான். இங்கே திரும்பி வருகிறவன் நடக்கிறான், அதுவும் சம்பாதித்ததை விட்டுவிட்டு. கடிதம் ஏன் நின்றது என்று உங்கள் வீட்டுக் கதையில் யாராவது சொன்னார்களா, சொல்லாமல் விட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் கடிதம் 1942-க்கு முன்பே நின்றிருக்கும், அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்கும், ஆனால் கதை சொல்லும்போது சண்டையைக் காரணமாகச் சொல்லிவிடுவார்கள். அது 'சண்டைமேல் போடுதல்'. வேறு உத்தி, வேறு வேலை: வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிற வேலை. எல்லாமே காத்திருக்கும் பெண் கதை என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இந்த இரண்டும் கலந்துவிடும். எந்தப் பெண் எதற்காகக் காத்திருந்தாள் என்று பிரித்துச் சொல்வது அவளுக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை.

கேள்வி: அப்பத்தா கதை சொல்லும்போது நாங்கள் 'உம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள். அதையும் உத்தி என்று சொல்லலாமா? இப்போது அவர்களுக்கு 84 வயது, கதைகளை எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: தாராளமாகச் சொல்லலாம். வேதாளம் விக்கிரமாதித்தனுக்குக் கதை சொன்னபோது அதையே தலைகீழாக மாற்றி வைத்தார்கள்: அவன் வாயைத் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குப் போய்விடும், விடை தெரிந்தும் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். கேட்கிறவன் வாயில் கதையைக் கட்டி வைத்தது அது. உங்கள் அப்பத்தா வீட்டில் அதற்குப் பேர் வேறு யாரும் வைக்க வேண்டியதில்லை, 'உம் கொட்டுதல்' என்று ஏற்கனவே இருக்கிறது.

செல்போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனை முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்டுங்கள், முடிந்தால் வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்றையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது அந்த உம் எங்கெங்கே விழுந்தது என்று ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். எந்த இடத்தில் பிள்ளை உம் கொட்ட மறந்ததோ, அதற்கு இரண்டு கோடு.